பால் பைத்தான் குட்டி மூணு வாரமா ஒண்ணும் தின்னல, 19 கிராம் குறைஞ்சிருக்கு. என்ன செய்யணும்?

பிச்சிப்பூ, தோவாளை
ஜூலை 8

எல்லாருக்கும் வணக்கம். நான் தோவாளைச் சந்தையில பூ வியாபாரம் செய்யுதேன். பாம்பு எனக்குள்ளது இல்ல, மகனுக்குள்ளது. அவன் கப்பல் வேலைக்கு ஏறி ஒரு மாசம் ஆகப் போகுது. வாரத்துல ஒரு நாள் சிக்னல் கிடைச்சா பேசுவான், அதுலயும் பாதி சத்தம் கேக்காது. அதனாலதான் இங்க வந்து கேக்கேன்.

பால் பைத்தான்னு ஒரு வெளிநாட்டு மலைப்பாம்பு இனம், பெட்டைக் குட்டி. பிப்ரவரியில வளர்ப்புக்காரர் ஒருத்தர்கிட்ட இருந்து வாங்கினான். பரிவேஷ்ங்கிற அரசு இணையதளத்துல பதிஞ்ச தாள் எல்லாம் பீரோவுல இருக்கு, அதுல ஒரு குறையும் இல்ல. போகும்போது ஒரு நோட்டு எழுதித் தந்துட்டுப் போனான். வெந்த எலி இல்ல, உறைஞ்ச எலியைத்தான் இளஞ்சூட்டுல வச்சுக் கொடுக்கணும், ஆறு ஏழு நாளைக்கு ஒருக்கா, வாரம் ஒரு தடவ நிறுக்கணும்னு. அவன் எழுதினதும் நான் எழுதினதும் அப்படியே தாரேன்:

பிப்ரவரி 12: 68 கிராம்
மார்ச் 14: 82
ஏப்ரல் 15: 98
மே 20: 112
ஜூன் 9: 131 (நேத்து 14 கிராம் எலி தின்னா)
ஜூன் 17: 31 கிராம் எலி கொடுத்தேன். தின்னுட்டா.
ஜூன் 19: ராத்திரி கக்கிட்டா.
ஜூன் 24: கொடுத்தேன், எடுக்கல.
ஜூலை 1: எடுக்கல.
ஜூலை 6: எடுக்கல.
ஜூலை 8: 112

131 இருந்த பிள்ளை 112-க்கு வந்துட்டு. மே மாசத்து எடைக்கே திரும்பிட்டு. 19 கிராம்னா நூத்துக்கு பதினாலரை. வியாபாரத்துல இந்தக் கணக்கு எனக்கு நல்லா வரும், அதாக்கும் இன்னும் பயம். மகன் போன பிறகு பாத்தா உடம்பு ஒல்லியாத் தெரிஞ்சது. வளருத பிள்ளைக்கு இது போதுமான்னு நினைச்சு ஃப்ரீசர்ல பெரிய கவர்ல இருந்த எலியை எடுத்துக் கொடுத்தேன். கக்கின அன்னைக்கு ராத்திரி முழுக்க எனக்கு உறக்கம் இல்ல. நாத்தம் வேற.

கடையில கிராம் கணக்கா நிறுக்கிற தராசு இருக்கு, அதுலதான் ஒரு டப்பா வச்சு நிறுக்கேன், அளவு தப்பாது. பெட்டியை மாடியில மகன் அறையில இருந்து கீழ ஹாலுக்கு இறக்கிட்டேன், கண்ணு முன்னால இருக்கட்டும்னு. ஜன்னல் பக்கம் காத்தோட்டமா இருக்கு. சூடு தட்டை ராத்திரி அணைச்சிருவேன், ஆளு உறங்கும்போது கரண்டுல ஒரு சாமானும் கிடக்க வேண்டாம்னு.

போன ஞாயிற்றுக்கிழமை பூ கிட்டங்கியில பொறியில ஒரு சின்ன எலி விழுந்தது. உயிரோட இருந்தா பிடிச்சுத் தின்னும்னு ராத்திரி பெட்டிக்குள்ள விட்டேன். காலையில பாத்தா இவ மூலையில பந்து மாதிரி சுருண்டு தலையை உள்ள வச்சுக் கிடக்கா, எலி பாட்டுக்கு ஓடிட்டு இருக்கு. எடுத்து வெளிய விட்டுட்டேன்.

பக்கத்து வீட்டு அம்மா ஆயில்யத்துக்கு நாகராஜா கோயிலுக்குப் போயிட்டு வந்து, "பேரே பால் பைத்தான், நீ பால் வைக்காம எலி எலின்னு கிடக்கியே"ன்னு ஒரு கிண்ணம் பால் கொண்டு தந்தாங்க. நான் இன்னும் வைக்கல. வைக்கலாமா?

அவன் என்னை நம்பி விட்டுட்டுப் போயிருக்கான். அடுத்த தடவ கூப்பிடும்போது நான் என்ன சொல்ல? ஒல்லியா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்க? படம் மூணு போட்டிருக்கேன்.


ரப்பர்விளை, குலசேகரம்
ஜூலை 8

அக்கா, வெப்ராளப்படாதீங்க. படத்தைப் பாத்தேன். உங்களுக்க குட்டி நல்லாத்தான் இருக்கு. நான் ஏழு வருஷமா இந்த இனம் வளக்கேன், இப்பம் மூணு கிடக்கு. அதை வச்சுச் சொல்லுதேன்.

முதல்ல உங்க நோட்டுக்கே வாங்க. ஜூன் 9-ல 131, பக்கத்துலயே மகன் எழுதியிருக்காரு, நேத்து 14 கிராம் எலி தின்னான்னு. அப்பம் அந்த 131-ல எலியும் சேந்து கிடக்கு. வயித்துல உள்ள 14-ஐக் கழிச்சா 117. அதுவாக்கும் குட்டிக்க உண்மையான எடை. இன்னைக்கு வெறும் வயித்துல 112. குறைஞ்சது 19 இல்ல, 5. நூத்துக்கு நாலு சொச்சம். ஒரு மாசம் ஒண்ணும் உள்ள தங்காத குட்டிக்கு இது பெரிய இறக்கமே இல்ல. நீங்க பூவை ஓலைப்பெட்டியோட சேத்து நிறுத்துட்டு, அடுத்த நாள் பெட்டி இல்லாம நிறுத்த மாதிரி ஆகிப்போச்சு.

அதனால இனி நிறுக்கிற நாள் ஒண்ணுதான்: அடுத்த தீனி கொடுக்கிறதுக்கு முன்ன. கழிச்சிருந்தா இன்னும் நல்லது. அந்தக் கழிவே சில நேரம் பத்து கிராம் வரும். வெறும் வயித்து எடையை வெறும் வயித்து எடையோடதான் ஒப்பிடணும்.

ஒல்லியா இல்லையான்னு தராசு சொல்லாது, கைதான் சொல்லும். குட்டியைக் கையில ஓட விட்டு, நடு உடம்புல முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் பெருவிரலையும் சுட்டுவிரலையும் லேசா வச்சுப் பாருங்க. நல்ல உடம்புள்ள பால் பைத்தானைக் குறுக்க வெட்டினாப்பல நினைச்சா, முக்கோணத்துக்க முனையெல்லாம் மழுங்கின மாதிரி இருக்கும். முதுகெலும்பு விரலுக்குத் தட்டுப்படும், ஆனா துருத்தாது. பக்கத்துல சதை சரிஞ்சு இறங்கும். ஓட்டு வீட்டு முகடு மாதிரி கூர்மையா நின்னு, ரெண்டு பக்கமும் உள்ள குழிஞ்சிருந்தா அது மெலிவு. முதுகெலும்பு இருக்கிற இடமே பள்ளமாகி ரெண்டு பக்கமும் சதை மேல எழும்பி நின்னா கொழுப்பு. அப்படி உள்ளதுக்கு வளையும்போது மடிப்பு விழும், தீனி எடுக்காத நாள்லயும் செதிலுக்கு நடுவுல தோல் தெரியும். வாலையும் பாருங்க. கழிவுத் துவாரத்துக்குப் பிறகு உடம்பு பைய பைய மெலிஞ்சு போகணும். அங்க சட்டுன்னு இடுங்கினா நல்லதில்ல.

உங்க ரெண்டாவது படத்துல குட்டி முக்கோணமாத்தான் தெரியுது. இந்த வயசுல குட்டி நீளமா, ஒடிசலாத்தான் இருக்கும். பெரிய பாம்பு படத்தைப் பாத்துட்டு அதே மாதிரி குண்டா இருக்கணும்னு நினைக்கப்பிடாது. சீக்கிரம் பெருசாக்கணும்னு அள்ளிக் கொடுத்தா ஈரல்ல கொழுப்பு கட்டும். முட்டையில இருந்து வந்தப்பவே ஐம்பது அறுபது கிராம்தான் இருந்திருக்கும். இவ மாசம் பதினஞ்சு கிராம் கணக்குக்கு ஏறி வந்திருக்கா. அது நல்ல ஏத்தம்.

இனி கக்கினதுக்குள்ள காரணம். 117 கிராம் குட்டிக்கு 31 கிராம் எலி, தன்னுடைய எடையில காலுக்கு மேல. இந்த வயசுல பத்துல ஒண்ணுல இருந்து ஏழுல ஒண்ணு வரைக்கும் போதும், அதாவது 12-ல இருந்து 17 கிராம். மகன் கொடுத்த 14 சரியான கணக்கு. தராசு இல்லாதவங்களுக்கு எங்க வழி, பாம்புக்க உடம்புல தடிச்ச இடம் எவ்வளவோ எலி அவ்வளவு தடி, அதுக்கு மேல வேண்டாம்.

அதுக்கு மேல ராத்திரி சூட்டை அணைச்சிருக்கீங்க. பாம்புக்கு உடம்புக்குள்ள சூடு கிடையாது, வெளியில இருந்து எடுத்துதான் செரிக்கணும். பெரிய எலியை முழுங்கிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா வருத ஆனிக் காத்துல ஜன்னல் ஓரம் கிடந்தா எப்படிச் செரிக்கும்? தோவாளையில இந்த மாசம் காத்து எப்படி அடிக்கும்னு நான் சொல்லணுமா. அந்தக் காத்து பெட்டியில உள்ள சூட்டையும் ஈரத்தையும் சேத்து வாரிட்டுப் போயிரும். செரிக்காம வயித்துல அழுக ஆரம்பிச்சா பாம்பு வெளியதான் தள்ளும். தள்ளினதும் ஒரு வகையில நல்லதுக்குத்தான்.

கக்கின பிறகு தொண்டை, வயிறு எல்லாம் அமிலத்துல புண்ணாகிக் கிடக்கும். பத்துல இருந்து பதினாலு நாள் தண்ணி மட்டும் வச்சுட்டு விட்டிருக்கணும். நீங்க அஞ்சாம் நாளே நீட்டியிருக்கீங்க. தெரியாம செஞ்சதுதானே, விடுங்க.

இப்பம் செய்ய வேண்டியது:

பெட்டியை மகன் அறைக்கே கொண்டு போங்க. இதுக்கு இடம் மாறினாலே தீனி எடுக்காது. டிவி, ஆள் நடமாட்டம், காத்து எல்லாம் சேந்தா கேக்கவே வேண்டாம். சூடு தட்டை இருபத்திநாலு மணி நேரமும் ஓடட்டும், ஆனா சூட்டை அளவோட நிறுத்துத தெர்மோஸ்டாட் இருக்கணும், அதுக்க சூடு பாக்குத முனை தட்டு மேலேயே ஒட்டிக் கிடக்கணும். சூடு பக்கம் 31, 32 டிகிரி. மறுபக்கம் 26 பக்கம். ரெண்டு பக்கமும் தலையை மறைச்சுக் கிடக்க ஒவ்வொரு ஒளிவிடம். ஓட்டை போட்ட சிரட்டை கூட போதும், குட்டிக்கு நல்லா இறுக்கமா இருக்கும். நான் அதுதான் வச்சிருக்கேன்.

ஆறேழு நாள் கையே வைக்காதீங்க. தண்ணி மாத்தினா போதும். அதுக்குப் பிறகு பாதி அளவு, 7 அல்லது 8 கிராம். முந்தின நாள் ஃப்ரீசர்ல இருந்து ஃப்ரிட்ஜுக்கு மாத்தி, சாயங்காலம் கவரோட வெந்நீர்ல போட்டுச் சூடாக்குங்க. தொட்டா உயிருள்ள எலி சூடு இருக்கணும், 38 டிகிரி பக்கம். அது மூஞ்சியில உள்ள குழிகளால சூட்டைத்தான் பாக்கும். ஆறின எலி அதுக்கு எலியே இல்ல. மைக்ரோவேவ்ல வைக்காதீங்க, வெளியில ஒண்ணும் தெரியாம உள்ள வெந்து போயிரும். இருட்டினதும் நீள இடுக்கியில பிடிச்சு லேசா ஆட்டிக் காட்டுங்க. எடுக்கலேன்னா கொஞ்ச நேரம் உள்ள வச்சுட்டு வந்திருங்க. காலையில கிடந்தா எடுத்துக் குழியில போடணும், திரும்ப உறைய வைக்கப்பிடாது. அடுத்தது ஏழு நாள் கழிச்சு.

பொறியில பிடிச்ச எலி, உயிருள்ள எலி, ரெண்டும் இனி வேண்டாம். கிட்டங்கி எலி அக்கம்பக்கத்துல யாராவது வச்ச விஷத்தைத் தின்னிருந்தா பாம்புக்கும் அது ஏறும். புழுவும் உண்ணியும் வேற. உயிருள்ள எலி ராத்திரி முழுக்க உள்ள கிடந்தா, பாம்பு அதைத் தின்னாது, எலி பாம்பைக் கறம்பும். முதுகெலும்பு தெரியுத அளவு கடிபட்ட பாம்பை நான் கண்ணால பாத்திருக்கேன். உங்க குட்டிக்க உடம்பு முழுக்க வெளிச்சத்துல ஒருக்கா பாத்து, புண்ணு இருக்கான்னு சொல்லுங்க.

பால் வேண்டாம். இந்தப் பேர்ல உள்ள பால் நாம குடிக்கிற பால் இல்ல. இங்கிலீஷ்ல 'பால்'னா பந்து, பயந்தா பந்து மாதிரி சுருளும்னு வச்ச பேரு. நீங்களே ஞாயிற்றுக்கிழமை அந்தப் பந்தைப் பாத்துட்டீங்க. பாம்புக்குப் பால் செரிக்காது. அந்த அம்மாகிட்ட, கோயில்ல ஊத்தினது சேந்துட்டுன்னு சொல்லுங்க, அவங்க மனசும் நோகாது.


நாஞ்சில் கால்நடை, நாகர்கோவில்
ஜூலை 9

நான் கால்நடை மருத்துவர், மாடு ஆடு பார்ப்பவன்தான். ஆனால் ஊர்வன பார்க்கும் நண்பரிடம் திருவனந்தபுரத்தில் சில காலம் கூட இருந்து கற்றேன். மேலே குலசேகரத்துக்காரர் சொன்னதில் திருத்த ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று விஷயம் சேர்க்கிறேன்.

அம்மா, கடைத் தராசை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஆரோக்கியமான பாம்பின் குடலிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கும். அதற்கு ஒன்றும் ஆகாது, மனிதருக்கு, அதிலும் சின்னப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும். நீங்கள் நிறுக்கும் பூ தலையிலும் போகிறது, சாமிக்கும் போகிறது. ஒரு கிராம் வரை காட்டும் சின்ன சமையல் தராசு ஒன்று பாம்புக்கென்றே வாங்கி மாடியில் வையுங்கள். தொட்ட பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தை அடுக்களைத் தொட்டியில் கழுவ வேண்டாம். எலிக் கவரும் ஃப்ரீசரில் நீங்கள் மீன் வைக்கும் தட்டில் இருக்கக் கூடாது, மூடியுள்ள தனி டப்பாவில் இருக்கட்டும்.

இனி, எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும். வெறும் வயிற்று எடை 117-லிருந்து 105-க்குக் கீழே போனால், அதாவது பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினால். சின்ன எலி கொடுத்தும் இன்னொரு தடவை கக்கினால், அப்போது கழிவையும் ஒரு டப்பாவில் எடுத்துப் போங்கள், குடல் புழு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வாயைத் திறந்து மூச்சு விட்டால், மூக்கில் குமிழ் வந்தால், மூச்சில் சீட்டி மாதிரி சத்தம் வந்தால் காத்திருக்கவே வேண்டாம், அது நுரையீரல் தொற்று. குளிரில் கிடந்த பாம்புக்கு அது வரும், அதனால்தான் குறிப்பாகச் சொல்கிறேன்.

நீர் குறைவதையும் பாருங்கள். கழிவோடு வெள்ளையாக ஒரு கட்டி வரும், அது அதன் சிறுநீர். வெள்ளையாக, மிருதுவாக இருந்தால் நல்லது. மஞ்சளாகி, கல்லாகி வந்தால் தண்ணீர் போதவில்லை. உடம்பின் பக்கவாட்டில் நீளமாகத் தோல் மடிந்து கிடந்தாலும் அதே பொருள்.

வாயைப் பிளந்து எலியைத் திணிக்கும்படி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்த இனம் மேற்கு, நடு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. காட்டிலேயே ஆண்டில் சில மாதம் தீனி எடுக்காமல் வளைக்குள் கிடக்கும். நம் பிள்ளை ஒரு நேரம் சாப்பிடாவிட்டால் நமக்குப் பதறும். அந்தப் பதற்றத்தோடு பாம்பை அளக்க முடியாது. திணித்தால் தொண்டையில் காயம், பயம், அடுத்து இன்னும் நீண்ட பட்டினி.


களியல்காரன்
ஜூலை 9

இதுல இடையில ஒரு சந்தேகம். எங்க ரப்பர் தோட்டத்துல பால் வெட்டப் போனப்ப ஒரு மலைப்பாம்புக் குட்டி கிடைச்சுது, ஒண்ணரை அடி இருக்கும். வாளியில போட்டு வச்சிருக்கேன். இதே கணக்குல தீனி கொடுத்து வளத்தலாமா?


ரப்பர்விளை, குலசேகரம்
ஜூலை 9

வேண்டாம் மக்கா. அது நம்ம காட்டு மலைப்பாம்பு, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில உள்ளது. வச்சிருந்தா மூணுல இருந்து ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில். அக்கா வச்சிருக்கது வெளிநாட்டு இனம், 2022 திருத்தத்துக்குப் பிறகு அதைப் பதிஞ்சு வளக்க வழி இருக்கு. நம்ம ஊரு பாம்பு எதுக்கும், சாரைக்கும் மண்ணுளிக்கும் கூட, அந்த வழி கிடையாது. இன்னைக்கே வனத்துறைக்குச் சொல்லுங்க. அவங்க வருத வரைக்கும் வாளியை வெயில்ல வைக்காதீங்க, தீனியும் கொடுக்காதீங்க. அது பிறந்த இடத்துலயே நல்லாப் பிழைக்கும்.


களியல்காரன்
ஜூலை 9

சொல்லியாச்சு. சாயங்காலம் வந்து கொண்டு போனாங்க. குட்டிக்கு ஒண்ணும் இல்ல.


பிச்சிப்பூ, தோவாளை
ஜூலை 22

தம்பிக்கும் டாக்டருக்கும் நன்றி. பதில் எழுத நாளாச்சு, ஆடி பிறக்கிறதுக்கு முன்ன கடைசி முகூர்த்தம்னு கடையில ஒரே நெருக்கடி.

ஒம்பதாம் தேதியே பெட்டியை மேல ஏத்திட்டேன். வெளிச்சத்துல பாத்தேன், கடிச்ச புண்ணு ஒண்ணும் இல்ல. அதைப் பாத்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. ஜன்னலை அடைச்சு, சிரட்டை ரெண்டு அறுத்து வச்சேன். ராத்திரி சூடு ஓடுது, தெர்மோஸ்டாட் 32-ல நிக்கு. பூக்கடைத் தராசைச் சாராயம் தொட்டுத் துடைச்சு நிம்மதி வராம கடைசியில மாத்தியே போட்டேன். புதுத் தராசு மாடியில இருக்கு. விரல் வச்சும் பாத்தேன். முகடு மாதிரி இல்ல, மழுங்கின முக்கோணம்தான். தம்பி சொன்னது கைக்குப் புரிஞ்சுது.

ஆறு நாள் தொடல. 15-ஆம் தேதி ராத்திரி எட்டே முக்காலுக்கு 8 கிராம் எலியை நீட்டினேன். ரொம்ப நேரம் நாக்கை மட்டும் நீட்டிப் பாத்தா. எனக்குக் கை கடுத்துப் போச்சு. எடுக்க மாட்டான்னு நினைச்சு இடுக்கியை இழுக்கப் போனேன், அப்பம் ஒரே பாய்ச்சல். பிடிச்சுச் சுத்தி இறுக்கி, தலையில இருந்து முழுங்கினா. நான் படியில உக்காந்து அழுதுட்டேன்.

மூணு நாள் கக்குவாளோன்னு காதைத் தீட்டிட்டே படுத்தேன். கக்கல. நேத்து கழிச்சா, வெள்ளைக் கட்டி மிருதுவாத்தான் இருந்தது. இன்னைக்கு வெறும் வயித்துல 114. பிறகு 9 கிராம் கொடுத்தேன், நீட்டின உடனே எடுத்துட்டா. மகன் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான். நடந்தது எல்லாத்தையும் சொன்னேன், பெரிய எலி கொடுத்ததையும் மறைக்கல. "பெரிய கவர் டிசம்பர்ல கொடுக்கதுக்குள்ளது அம்மா, அதை நான் எழுதாம விட்டுட்டேன்"ன்னு அவன் வருத்தப்பட்டான்.

அடுத்த செவ்வாய்க்கு 11 கிராம் கொடுக்கலாமா? இன்னைக்கு எடுத்த படம் போட்டிருக்கேன்.


ரப்பர்விளை, குலசேகரம்
ஜூலை 22

கொள்ளாம் அக்கா. கேக்கவே சந்தோஷமா இருக்கு. கணக்கு சரிதான், 8, 9, 11 அப்படி ஏத்தி 13, 14-ல நிறுத்துங்க.

ஆனா படத்தைப் பெருசாக்கிப் பாத்தேன். வயித்துப் பக்கம் இளஞ்சிவப்பா இருக்கு, கண்ணு மங்கி நீலம் பூக்க ஆரம்பிச்சிருக்கு. சட்டை உரிக்கப் போறா. அதனால அடுத்த செவ்வாய் எடுக்கலேன்னா மறுபடியும் பதறாதீங்க, கண்ணு மங்கின நேரத்துல பெரும்பாலும் தீனி எடுக்காது. நானா இருந்தா நீட்டவே மாட்டேன், உரிச்சு ரெண்டு நாள் கழிச்சுக் கொடுப்பேன். அதுவரைக்கும் மூடியுள்ள ஒரு டப்பாவுல ஓட்டை போட்டு, நனைச்சுப் பிழிஞ்ச தேங்காய் நார்த்தூள் கொஞ்சம் வச்சு, சூடு பக்கத்துக்கு அருகுல வையுங்க, ஈரம் இருந்தா ஒரே துண்டா உரியும்.

உரிச்ச பிறகு கண்ணுக்கு மேல உள்ள மூடியும் வால் நுனியும் சட்டையோட வந்திருக்கான்னு பாருங்க.


பிச்சிப்பூ, தோவாளை
ஜூலை 31

உரிச்சுட்டா! தலையில இருந்து வால் வரைக்கும் ஒரே துண்டு, ரெண்டு கண்ணும் இருக்கு. மகனுக்க நோட்டுல வைக்க எடுத்து வச்சிருக்கேன். பூ அளக்கிற முழக்கோலை வச்சு அளந்தேன், 76 சென்டிமீட்டர். நீளம்னு இதை எழுதலாமா?


ரப்பர்விளை, குலசேகரம்
ஜூலை 31

எழுதாதீங்க அக்கா. சட்டை உரியும்போது இழுபட்டு நீளும், பாம்பைவிட நல்ல நீளமாத்தான் எப்பவும் இருக்கும். "சட்டை 76"ன்னு எழுதி வையுங்க. பாம்புக்க நீளத்தை மகன் வந்து அளக்கட்டும்.